ஒரு கல்லூரி அணியும் மூன்று வாழ்க்கைகளும்

விளையாட்டுத்துறையின் வரலாறு பெரும்பாலும் வெற்றியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. இதில் பத்திரிகையாளர்களாகிய எமக்கும் பெரும் பங்குண்டு. ஒரு கல்லூரி அணியில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து ஆடுகின்றார்கள். அவர்களில் ஒருவர் உலகப் புகழ் பெறுகின்றார். அதன் பின்னர் மற்ற நால்வரும் அந்த ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் வந்துபோகும் பெயர்களாகிவிடுகின்றனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக கொல்ஃப் அணிக்கு நேர்ந்ததும் அதுவே. 1994-1995 பருவத்தில் அந்த அணியில் ஆடிய டைகர் வூட்ஸை அறியாதவர் இல்லை. ஆனால், அவருடன் தோளோடு தோள் நின்ற நோட்டா பெகேய், கேசி மார்ட்டின் ஆகிய இருவரையும் சேர்த்துப் பின்தொடர்ந்தால் மாத்திரமே, கல்லூரி மைதானத்தில் இருந்து தொழின்முறை ஆட்டத்துக்குச் செல்லும் பாதை எத்தகையது என்பது முழுமையாக விளங்கும்.

நமது வாசகர்களில் பலருக்கு கொல்ஃப் என்றதும் தோட்டத் துரைமாரின் காலத்தில், 1889 ஆம் ஆண்டில் நுவரெலியாவில் தோன்றிய கழகமே நினைவுக்கு வரக்கூடும். வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் கூடவே வரும். அமெரிக்காவிலும் அந்த எண்ணம் நீண்டகாலம் நிலவியது. ஆயினும், அங்கு பல்கலைக்கழகங்கள் திறமையுள்ள மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்கி அணிகளில் சேர்த்துக்கொள்வதால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறந்தது.

அந்தக் கதவின் வழியாக வந்தவர்களின் வரலாறு நெடியது. ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஹார்வார்ட்டிலும் பயின்ற பொபி ஜோன்ஸ், 1930 ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் அமெரிக்க, பிரித்தானிய பகிரங்கப் பட்டங்களையும் அவ்விரு நாடுகளின் அமெச்சூர் பட்டங்களையும் வென்று, தொழின்முறை ஆட்டக்காரராக மாறாமலேயே தமது 28 ஆவது வயதில் போட்டிகளில் இருந்து ஒதுங்கிக்கொண்டார். வேக் ஃபொரஸ்ட் கல்லூரியில் பயின்ற ஆர்னோல்ட் பாமர், நெருங்கிய நண்பர் ஒருவரை 1950 இல் வீதி விபத்தில் இழந்த துயரத்தில் கல்லூரியை விட்டு விலகி, கரையோரக் காவற்படையில் சேர்ந்து, 1954 இல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்ற பின்னரே தொழின்முறைக்கு வந்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக் நிக்லஸ் 1961 இல் கல்லூரிகளின் தேசிய தனிநபர் பட்டத்தையும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்ற முதலாமவர்.

அமெச்சூருக்கும் தொழின்முறையாளருக்கும் இடையில் எவ்வளவு உயரமான சுவர் இருந்தது என்பதற்கு 1991 ஜனவரியில் நடந்ததொரு சம்பவம் நல்ல உதாரணம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஃபில் மிக்கல்சன், டூசன் நகரில் தொழின்முறையாளர்களுக்கான சுற்றுப்போட்டியில் அவர்கள் அனைவரையும் தோற்கடித்து முதலிடம் பெற்றார். முதற்பரிசு 180,000 டொலர். மாணவரான மிக்கல்சனால் அதில் ஒரு சதத்தைக்கூடத் தொட முடியவில்லை. கிண்ணத்துடன் அவர் வகுப்புக்குத் திரும்பினார்.

இந்தப் பின்னணியில்தான் ஸ்டான்போர்ட் அணியின் கதை தொடங்குகின்றது.

கல்லூரி கொல்ஃப் போட்டியில் ஓர் அணியின் சார்பில் ஐவர் ஆடுவர். ஒவ்வொரு சுற்றிலும் சிறப்பாக ஆடிய நால்வரின் அடிகளே அணியின் கணக்கில் சேரும். தனி மனிதனின் விளையாட்டு என்று பெயர்பெற்ற கொல்ஃப், கூட்டு விளையாட்டாக மாறும் அபூர்வமான இடம் அது. தனது தவறு நண்பனின் தலையில் விழும் என்ற அச்சமும், நண்பனின் திறமை தன்னைக் காப்பாற்றும் என்ற ஆறுதலும் அங்கு மாத்திரமே உண்டு.

பயிற்றுநர் வொலி குட்வினின் வழிகாட்டலில் 1994 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் மெக்கினி நகரில் நடைபெற்ற தேசிய சம்பியன் போட்டியில் ஸ்டான்போர்ட் அணி பட்டத்தை வென்றது. அப்போட்டியில் ஒரு சுற்றை 62 அடிகளில் முடித்து சாதனை படைத்தவர் நோட்டா பெகேய். நவாஹோ, சான் ஃபெலிப்பே, இஸ்லெட்டா ஆகிய பழங்குடி மரபுகளின் வழிவந்தவர். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரில் பொது கொல்ஃப் மைதானமொன்றில் சிறு வேலைகள் செய்து, அதற்கு ஈடாகப் பயிற்சி பெற்று வளர்ந்தவர். பந்து எந்தத் திசையில் வளையும் என்பதைப் பொறுத்து வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறி பந்தைக் குழிக்குள் தள்ளும் வல்லமை அவரிடம் இருந்தது.

அதே அணியில் ஆடியவர் ஒரேகன் மாநிலத்தின் யூஜீன் நகரைச் சேர்ந்த கேசி மார்ட்டின். பிறவியிலேயே வலது காலின் இரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் அரிய நோய் அவருக்கு இருந்தது. வயது ஏற ஏற அந்தக் கால் மெலிந்து, எலும்பு நொய்ந்துகொண்டே வந்தது. நடப்பதே வேதனை. எந்த நேரத்திலும் எலும்பு முறிந்து, காலையே அகற்ற வேண்டிய நிலை வரலாம் என்ற அச்சுறுத்தலுடன்தான் அவர் மட்டையைத் தூக்கினார்.

பட்டத்தை வென்ற அந்த அணிக்கு 1994 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதிதாக வந்து சேர்ந்தவரே டைகர் வூட்ஸ். வந்தபோதே அவர் பெயர் பெற்றிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் புளோரிடாவில் நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் இறுதியாட்டத்தில், ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ட்ரிப் கீனி ஒரு கட்டத்தில் ஆறு குழிகள் முன்னிலையில் இருந்தார். அந்த நிலையில் இருந்து மீண்டு வந்து வூட்ஸ் வென்றார். அப்பொழுது அவருக்கு வயது 18; அன்றுவரை அப்பட்டத்தை வென்றவர்களில் மிகவும் இளையவர். ஆனால், ஸ்டான்போர்ட்டின் மூத்த மாணவர்கள் அதற்கெல்லாம் மயங்கிவிடவில்லை. கண்ணாடி அணிந்திருந்த அந்தப் புதிய மாணவருக்கு, கண்ணாடி அணிந்த தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றின் பெயரை பெகேய் பட்டப்பெயராகச் சூட்டினார்.

அமெச்சூர் விதிகள் எந்த அளவுக்கு நுணுக்கமாகக் கண்காணிக்கப்பட்டன என்பதையும் வூட்ஸ் விரைவிலேயே உணர்ந்தார். 1995 ஆம் ஆண்டில் ஆர்னோல்ட் பாமருடன் அவர் இரவு உணவு அருந்தினார். கட்டணத்தைப் பாமர் செலுத்தியது கல்லூரி விளையாட்டு விதிகளுக்கு முரணானது என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் அந்த மாணவர் தமது பங்கான சுமார் 25 டொலருக்கு காசோலை எழுதி பாமருக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

1995 ஆம் ஆண்டின் தேசிய சம்பியன் போட்டி ஒஹாயோ மாநிலத்தில், நிக்லஸ் பயின்ற பல்கலைக்கழகத்தின் மைதானத்திலேயே இடம்பெற்றது. நான்கு சுற்றுக்களின் முடிவில் ஸ்டான்போர்ட்டும் ஒக்லஹோமா மாநில அணியும் சமநிலையில் நின்றன. சமநிலையை முறிப்பதற்கான மேலதிக ஆட்டத்தில் ஒக்லஹோமா வென்றது. முதல் ஆண்டு வூட்ஸிடம் தோற்றுப்போன ட்ரிப் கீனி, வெற்றி பெற்ற அந்த அணியில் இருந்தார். பெகேய்க்கும் மார்ட்டினுக்கும் அதுவே கடைசிக் கல்லூரிப் போட்டி. பெகேய், மார்ட்டின், வூட்ஸ் மூவரும் அணித் தோழர்களாக ஆடிய ஒரேயொரு பருவம் அவ்வாறு தோல்வியில் முடிந்தது. அங்கிருந்து மூன்று பாதைகள் பிரிகின்றன.

வூட்ஸின் பாதையை உலகம் அறியும். 1996 இல் கடைசிச் சுற்றில் 80 அடிகள் அடித்தும் கல்லூரிகளின் தனிநபர் பட்டம் அவருக்கே கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரேகன் மாநிலத்தில் நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் இறுதியாட்டத்தில் புளோரிடா பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் ஸ்கொட்டை அவர் எதிர்கொண்டார். மூன்று குழிகளே எஞ்சியிருந்தபோது ஸ்கொட் இரண்டு குழிகள் முன்னிலையில் இருந்தார். எதிராளியின் பந்து செல்லும் வழிக்கு இடையூறாக இராதவாறு தமது பந்தின் அடையாளக் காசைச் சற்று நகர்த்தி வைத்த வூட்ஸ், அதை மீண்டும் பழைய இடத்துக்கு நகர்த்த மறந்து பந்தை அடிக்கத் தயாரானார். அடித்திருந்தால் விதிப்படி அந்தக் குழியை இழந்திருப்பார்; ஆட்டமும் அத்துடன் முடிந்திருக்கும். காசை நகர்த்தினீர்களா என்று கேட்டு நினைவூட்டியவர் வேறு யாருமல்ல, எதிராளியான ஸ்கொட்டேதான். வூட்ஸ் அந்தக் குழியை வென்றார். அடுத்த குழியில் சமன் செய்தார். 38 ஆவது குழியில் பட்டத்தையும் வென்றார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அப்பட்டத்தை வென்றவர் அவருக்கு முன்னர் எவருமில்லை.

சில தினங்களில் வூட்ஸ் கல்லூரிப் படிப்பை இடைநிறுத்தித் தொழின்முறைக்கு மாறினார். இரு பெரிய நிறுவனங்களுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பெறுமதி சுமார் 6 கோடி டொலர் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஓராண்டுக்கு முன்னர் 25 டொலர் உணவுக்குக் கணக்குச் சொன்ன அதே இளைஞர்! 1997 இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். ஸ்கொட்டும் 1999 இல் தொழின்முறைக்கு வந்தார். முதன்மைச் சுற்றில் அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் கழகங்களில் பயிற்றுநராகப் பணியாற்றினார். ஒரு நேர்மையான கேள்வி தமக்கு எவ்வளவு பெரிய பட்டத்தை இழக்கச் செய்தது என்பது தெரிந்திருந்தும், அதற்காக அவர் வருந்தியவரல்லர்.

பெகேயின் பாதை மேடும் பள்ளமுமானது. தகுதிகாண் நிலைச் சுற்றில் 1998 இல் ஒரு நாள் 59 அடிகள் என்ற அபூர்வ எண்ணிக்கையைப் பதிவுசெய்தார். 1999 இல் முதன்மைச் சுற்றுக்கு உயர்ந்து முதல் பருவத்திலேயே இரண்டு போட்டிகளை வென்றார். மறு ஆண்டின் தொடக்கத்தில் மதுபோதையில் வாகனம் செலுத்திய குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, முன்னரும் ஒருமுறை அத்தகைய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருப்பதைத் தாமாகவே நீதிபதியிடம் கூறினார். ஏழு நாட்கள் சிறையிருந்தார். அதே ஆண்டின் நடுப்பகுதியில் மெம்பிஸிலும் ஹார்ட்போர்ட்டிலும் அடுத்தடுத்த வாரங்களில் இரு போட்டிகளை வென்றார். அதன் பின்னர் முதுகுவலி அவரை ஆட்டத்தில் இருந்து மெல்ல மெல்ல அகற்றியது. நான்கு வெற்றிகளுடன் அந்தக் கணக்கு நின்றுவிட்டது. ஆனால், பெகேய் நின்றுவிடவில்லை. தொலைக்காட்சி வர்ணனையாளரானார். நீரிழிவினாலும் வறுமையினாலும் நலிவுற்ற பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்காக 2005 இல் ஓர் அறநிலையத்தை நிறுவினார். அதற்கு நிதி திரட்டும் ஆட்டத்தில் பழைய அணித் தோழர் வூட்ஸும் கலந்துகொண்டார்.

மார்ட்டினின் பாதை மைதானத்தில் இருந்து நீதிமன்றத்துக்குச் சென்றது. முதன்மைச் சுற்றுக்கான தகுதிகாண் போட்டியின் முதல் இரண்டு கட்டங்களில் வண்டியைப் பயன்படுத்துவதற்கு அனுமதி இருந்தது. மூன்றாவது கட்டத்தில் இல்லை. மூத்தோருக்கான சுற்றிலும் வண்டிக்குத் தடையில்லை. நடக்கவே இயலாத ஒருவருக்கு மாத்திரம் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்ற கேள்வியுடன் 1997 இல் மார்ட்டின் வழக்குத் தொடுத்தார். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் 1990 ஆம் ஆண்டின் சட்டமே அவரது ஆதாரம். இடைக்காலத் தடையுத்தரவின் துணையுடன் வண்டியில் சென்று 1998 ஜனவரியில் இரண்டாம் நிலைச் சுற்றின் போட்டி ஒன்றை வென்றதும், நாடே இந்த வழக்கைப் பேசத் தொடங்கியது.

எதிர்த்தரப்பில் சாட்சியமளித்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பாமரும் நிக்லஸும் நடப்பதும் ஆட்டத்தின் ஓர் அங்கமே, களைப்பும் அதில் ஒரு சோதனையே என்றனர். இருவருமே கல்லூரி மைதானங்களில் இருந்து வந்தவர்கள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. விசாரணை நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. ஐந்து மணித்தியாலங்களில் ஏறத்தாழ ஐந்து மைல் தூரம் நடப்பதால் செலவாவது சுமார் 500 கலோரி மாத்திரமே; வண்டியில் சென்றாலும்கூட மார்ட்டின் அனுபவிக்கும் வேதனையும் களைப்பும் நடந்து செல்வோருடையதைவிட அதிகம் என்று அது தீர்ப்பளித்தது. வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. 2001 மே 29 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மார்ட்டினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜோன் போல் ஸ்டீவன்ஸ், பந்தை அடிப்பதே இந்த ஆட்டத்தின் சாரம், நடப்பதல்ல என்ற முடிவுக்கு வந்தார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டனின் ஸ்கலியாவோ, ஒரு விளையாட்டின் விதிகள் எல்லாமே மனிதர் தம் விருப்பப்படி வகுத்தவை. அவற்றில் எது சாரம், எது சாரமல்ல என்று நீதிமன்றம் தீர்மானிப்பது பொருந்தாது என்று வாதிட்டார்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தத் தீர்ப்பு மார்ட்டினுக்கு வெற்றிக் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. போட்டியில் நிற்கும் உரிமையை மாத்திரமே கொடுத்தது. 1998 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் அவர் 23 ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2000 ஆம் ஆண்டில் முதன்மைச் சுற்றில் ஆடிய அவரால் அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள இயலவில்லை. வண்டி கிடைத்தால் மற்றவர்களுக்கு அநீதியான அனுகூலம் உண்டாகும் என்று அஞ்சியவர்களுக்கு அவரது ஆட்டப் பதிவேடே பதிலாக அமைந்தது.

2006 ஆம் ஆண்டில் மார்ட்டின் தமது சொந்த ஊரில் உள்ள ஒரேகன் பல்கலைக்கழக அணியின் பயிற்றுநரானார். பத்தாண்டுகளுக்குப் பின்னர், 2016 இல் யூஜீன் நகரிலேயே நடைபெற்ற தேசிய சம்பியன் போட்டியின் இறுதியில், மூன்றாவது மேலதிகக் குழியில் தீர்மானிக்கப்பட்ட கடைசி ஆட்டத்தின் மூலம் டெக்சாஸ் அணியை வென்று அவரது மாணவர்கள் பட்டத்தைக் கைப்பற்றினர். அதே ஸ்டான்போர்ட் அணியின் மற்றொரு உறுப்பினரான கொன்ராட் ரே, 2004 இல் தமது பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராகப் பொறுப்பேற்று 2007 இலும் 2019 இலும் அதற்குத் தேசியப் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தார். தோற்கடிக்கப்பட்ட ட்ரிப் கீனி தொழின்முறைக்கு வரவேயில்லை. நிதித்துறையில் பணியாற்றிக்கொண்டே அமெச்சூராக ஆடி, 25 வயதுக்கு மேற்பட்ட அமெச்சூர்களுக்கான அமெரிக்கப் பட்டத்தை 2007 இல் வென்றார். வூட்ஸிடம் தோற்று 13 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கல்லூரிக்கும் தொழின்முறைக்கும் இடையிலான சுவரும் இதற்கிடையில் தாழ்ந்துவிட்டது. 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டுவதற்கு அனுமதிக்கப்பட்டனர். 2022 இல் கொல்ஃபின் அமெச்சூர் விதிகளும் அதற்கேற்பத் தளர்ந்தன. 2023 இல் டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுவீடன் நாட்டு மாணவர் லுட்விக் ஓபெர்க், கல்லூரித் தரவரிசையில் முதலிடம் பெற்றதன் மூலமே முதன்மைச் சுற்றுக்கு நேரடியாக நுழைந்த முதலாமவரானார். ஆனாலும் சுவரின் ஒரு துண்டு எஞ்சியிருந்தது. 2024 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் நிக் டன்லப், மிக்கல்சனுக்குப் பின்னர் 33 ஆண்டுகள் கழித்து, தொழின்முறைச் சுற்றில் வெற்றி பெற்ற அமெச்சூரானார். முதற்பரிசான 15 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை இரண்டாமிடம் பெற்றவருக்கே சென்றது. சில தினங்களில் டன்லப்பும் தொழின்முறைக்கு மாறினார்.

கால்களின் கதை ஒன்றும் இதில் ஊடாடுகின்றது. வூட்ஸ் 2008 இல் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெடித்திருந்த நிலையில் 91 குழிகள் நடந்து அமெரிக்க பகிரங்கப் பட்டத்தை வென்றார். 2021 பெப்ரவரியில் நேர்ந்த வாகன விபத்தில் அவரது வலது கால் நொறுங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில், கேசி மார்ட்டினின் வலது கால் அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் வூட்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியின் நான்கு சுற்றுக்களையும் நொண்டியபடியே நடந்து முடித்து 47 ஆவது இடத்தைப் பெற்றார். நடப்பது இந்த ஆட்டத்தின் சாரமா, இல்லையா என்று ஒரு காலத்தில் ஒன்பது நீதிபதிகள் விவாதித்த கேள்விக்கு, ஒரே அணியைச் சேர்ந்த இருவரின் உடல்கள் வெவ்வேறு விதமாகப் பதில் கூறின.

இவர்களில் வென்றவர் யார் என்று கேட்டால் விடை இலகுவானதாகத் தோன்றும். முதன்மைச் சுற்றில் 82 வெற்றிகளும், 15 பெரும் பட்டங்களும் வூட்ஸிடம் உள்ளன. பெகேயிடம் நான்கு வெற்றிகள். மார்ட்டினிடம் அந்தச் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லை. ஆனால், கல்லூரிகளின் தேசிய அணிப் பட்டம் பெகேயிடமும் மார்ட்டினிடமும் இருக்கின்றது. வூட்ஸிடம் அது இல்லை. மார்ட்டினின் வழக்கோ விளையாட்டின் எல்லையையும் கடந்தது. 2019 இல், பெரும் பட்டங்களை வென்ற ஜோன் டேலி முழங்கால் வாதத்தின் காரணமாக பிஜிஏ சம்பியன் போட்டியில் வண்டியில் சென்று ஆடுவதற்கு அனுமதி பெற்றதும் அதே சட்டத்தின் நிழலில்தான். மைதானத்தில் ஒரு கிண்ணத்தையும் வெல்லாத ஒரு வழி, பின்னால் வருபவர்களுக்காகத் திறந்தே இருக்கின்றது. தரவரிசைப் பட்டியல்களில் அதற்கு இடமில்லை. வரலாற்றில் இடம் கொடுக்க வேண்டியது எழுதுபவர்களின் கடமை.